கவுண்டம்பாளையத்தில் புல்லட் டியூனிங்: பாயிண்ட் முதலில், கார்புரேட்டர் பிறகு

"வண்டி கொஞ்சம் திணறுகிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் திருப்புளியை வைத்துவிடும் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இனிமேல் பறக்கும் சார்" என்பார்கள். பறக்கும்தான், மேட்டுப்பாளையம் வரை. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பழைய குறை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என்னுடையது வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்த புல்லட் 350. பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சிறு தொடுமுனைகளால் தீப்பொறி விழ வைக்கும் முறை), மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். நானும் மனைவியும், இரு பக்கமும் பைகளுமாக, நீலகிரி, வால்பாறை, மூணாறு என்று போய்வரும் வண்டி. சில மாதங்களாக அதற்கு மூன்று வியாதிகள். சிக்னலில் நின்றால் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், தானாக ஏறி இறங்கும். உதைத்தால் கிக்கர் சில நேரம் காலைத் திருப்பி உதைக்கும். ஆளும் சுமையுமாக ஏற்றத்தில் மூன்றாவது கியர் போட்டால் இன்ஜினுக்குள் கிணுகிணுவென்று தட்டும்.

கோவை கவுண்டம்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கொட்டகை ஒன்றில் வேலை செய்யும் மெக்கானிக்கைப் பற்றி நண்பர் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது. பழைய புல்லட்டுகள் வரிசையாக நிற்பதுதான் அடையாளம். மனிதருக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். நான் கார்புரேட்டரைக் காட்டி என் புராணத்தைத் தொடங்கியதும் கையமர்த்தினார். "முதலில் பாயிண்ட் சரியாகட்டும் சார். கார்புரேட்டர் எங்கே ஓடிவிடப் போகிறது?"

அங்கேயே எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. தீப்பொறி விழும் நேரம் தவறாக இருக்கும்போது காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்வது வீண் வேலை. அந்த நேரம், அதாவது டைமிங், மாறினால் ஐடிலிங்கும் மாறும், அதை மறைக்க ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு தவறு இரண்டாகும்.

அதற்கும் முன்னால் டேப்பெட், அதாவது வால்வுகளின் இடைவெளி. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, வால்வைத் திறக்கும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அது முடிந்த பிறகே, பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார்.

உள்ளே பாயிண்ட் முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தன. முன்பு யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகளும் தெரிந்தன. உப்புத்தாள் துகள் பாயிண்டில் தங்கினால் மறுபடியும் கருகும். பாயிண்ட் முகங்கள் கருகாமல் காக்கும் கண்டென்சர் பழுதாக இருந்தால் எத்தனை தேய்த்தும் பயனில்லை. இரண்டையும் புதிதாக மாற்றினார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து 0.35 மி.மீ.க்கும் 0.40 மி.மீ.க்கும் இடையில் இடைவெளி வைத்தார். சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் முனை தேயத் தேய இந்த இடைவெளி குறையும், டைமிங்கும் பின்தங்கும். அதனால் அந்த இடத்தில் துளி கிரீஸ். அதிகம் வைத்தால் அது பாயிண்டிலேயே தெறிக்கும் என்று எச்சரிக்கையும் கிடைத்தது.

என் வண்டியின் உண்மையான வியாதி பாயிண்டுக்குக் கீழே இருந்தது. கேமை விரலால் திருகி விட்டார். அது டக்கென்று திரும்பி வந்திருக்க வேண்டும். சோம்பலாகப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. வேகத்துக்கேற்ப டைமிங்கை முந்த வைக்கும் ஆட்டோ அட்வான்ஸின் சின்ன ஸ்பிரிங்குகள் இரண்டும் நீண்டு தளர்ந்திருந்தன. வேகம் கூடும்போது மட்டும் முந்த வேண்டிய டைமிங், மெதுவாக ஓடும்போதே முந்திக்கொண்டு நின்றிருக்கிறது. ஐடிலிங் அலைந்ததும், கிக்கர் உதைத்ததும், ஏற்றத்தில் தட்டியதும் இந்த ஒரே காரணத்தால்தான். இத்தனை நாளும் பாவம் கார்புரேட்டர் பழி சுமந்தது.

ஸ்பிரிங்கை மாற்றி, இக்னிஷனைப் போட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே டைமிங் வைத்தார். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், திறக்கும் கணத்தில் நடுவுக்குத் துள்ளும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

கார்புரேட்டர் வேலை ஒப்பீட்டில் சுருக்கம். பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தார், கம்பி விட்டுக் குத்தவில்லை. இன்டேக் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பார்த்தார். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து நூலளவு நகர்த்தி ஐடிலிங்கை நிறுத்தினார். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியில் மாட்டிய நீடில் கிளிப்பை மட்டும் ஒரு பள்ளம் கீழே இறக்கினார். காரணம் கேட்டேன். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய அளவிலேயே விட்டால் சுமையோடு போகும்போது இன்ஜின் சூடாகும் என்றார். கிளிப் கீழே போனால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும்.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று. "பைகளைக் கட்டிக்கொண்டு வீட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்" என்று மறுநாள் வரச் சொன்னார். ஆனைகட்டிச் சாலையில் மாங்கரை தாண்டி ஏற்றத்தில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். பிளக் முனை மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. தலையசைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதன்பின் குன்னூர் வழியாக ஊட்டி போய்வந்தோம். தட்டல் அறவே இல்லை. 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் ஓங்குவதால் ஐடிலிங் சற்று மந்தமானது. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திறந்ததும் தெளிந்தது. இறங்கியதும் பழைய இடத்துக்கே வைத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். இன்று முடியும் என்றால் நாளை மறுநாள் என்று பொருள் கொள்ளுங்கள். ரசீது கிடையாது, கூலி 1,200 ரூபாய், பாகங்களின் விலை தனி. பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றித் தரச் சொன்னால் முகம் கோணுகிறார். இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. பாயிண்டை அடிக்கடி திறந்து பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் வழியில் நின்றுபோனால், ஒரு ஃபீலர் கேஜும் கையிருப்புக் கண்டென்சரும் வைத்து நாமே ஓரளவு சமாளிக்கலாம் என்பது பாயிண்டின் பக்கத்து நியாயம்.

போவதாக இருந்தால் வண்டியை முதல் நாள் இரவே அங்கே விட்டுவிடுங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு போனால், இன்ஜின் ஆறும்வரை டேப்பெட்டைத் தொடமாட்டார். உட்கார நாற்காலியும் இல்லை.