பேண்ட்சா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்: 23,500 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெங்களூரில் வீட்டிலேயே தச்சு வேலை செய்யும் தமிழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர்கூட இப்படி ஏமாறக் கூடாது. இணையத்தில் விளம்பரம் செய்து மின்கருவிகள் விற்கும் ஒரு கடை என்னிடம் 23,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, எதற்கும் உதவாத ஒரு பேண்ட்சாவை (வளையமாகச் சுழலும் பட்டை பிளேடால் மரம் அறுக்கும் மெஷின்) தலையில் கட்டிவிட்டது.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது பரண் பலகைகளை நான் எடுத்து வந்தேன். அசல் தேக்கு, 2 அங்குல கனம், 7 அங்குல அகலம். ஒவ்வொன்றையும் விளிம்பில் நிறுத்தி, கனம் பாதியாகும்படி இரண்டாகப் பிளந்து இழைத்தால், முக்கால் அங்குலத்தில் இரண்டு பலகை கிடைக்கும். மகளுக்குப் படிக்கும் மேசை செய்ய அதுவே போதும்.

அறுவை மில்லில் கேட்டால், பழைய மரத்தில் ஆணி இருக்கும், பிளேடு போய்விடும் என்று தொடவே மறுக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். என்னிடம் இருக்கும் 7 அங்குல வட்ட ரம்பம் ஒரு பக்கத்திலிருந்து இரண்டரை அங்குலம்தான் இறங்கும். இரு பக்கமும் அறுத்தாலும் நடுவில் 2 அங்குலம் கைவாளுக்கு மிஞ்சும். தவிர, 2 அங்குல விளிம்பின் மேல் அந்த ரம்பத்தின் அடித்தகடு ஆடாமல் நிற்காது; கை போய்விடும். அதனால்தான் பேண்ட்சா தேடினேன்.

வாங்குவதற்கு முன் போனில் தெளிவாகவே கேட்டேன். "பலகையை விளிம்பில் நிறுத்திப் பிளக்க வேண்டும், உயரம் 7 அங்குலம், உங்கள் மெஷினில் போகுமா?" கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "சார் தமிழா? எனக்கும் கிருஷ்ணகிரிப் பக்கம்தான். இது 8 அங்குல மெஷின் சார், தாராளமாகப் போகும். நம் ஊர்க்காரரிடம் பொய் சொல்வேனா?" தாத்தா வீட்டுத் தேக்கு என்று நான் சொன்னதும், பழைய தேக்கை அறுக்கும்போது வரும் வாசனையைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சைத்தான் நம்பினேன். அவர்கள் தளத்திலும் வெட்டும் திறன் 8 அங்குலம் என்றே போட்டிருந்தது. அன்றே 23,500 ரூபாயையும் யுபிஐ மூலம் அனுப்பிவிட்டேன்.

மெஷின் வந்தது. பொருத்தி முடித்து, பிளேடு ஆடாமல் பிடிக்கும் மேல் கைடு எவ்வளவு உயரும் என்று பார்த்தேன். மேசையிலிருந்து கைடு வரை டேப்பில் 80 மில்லிமீட்டர். மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! 7 அங்குலப் பலகை நுழையவே இல்லை. அவர் சொன்ன 8 அங்குலம், பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் இடையிலுள்ள தூரம். பலகையைப் படுக்க வைத்து வளைவு வெட்டுபவருக்கு அது உதவும். பிளப்பவனுக்கு உயரம்தான் கணக்கு. தினமும் இதை விற்றுப் பிழைப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னார்.

சரி, 3 அங்குலத் துண்டையாவது பிளக்கிறதா என்று பார்த்தேன். மோட்டார் 250 வாட். கூட வந்த பிளேடில் பொடிப் பற்கள். பல் இடுக்கில் தூள் அடைத்துக்கொண்டு வெளியேறவே இல்லை. பாதியில் புகை வந்து மோட்டார் நின்றது. துண்டைப் பிரித்துப் பார்த்தால் அறுத்த முகம் நடுவில் வயிறு தள்ளிக் கருகியிருந்தது. பிளந்த பகுதியின் கனம் ஒரு முனையில் 6 மில்லிமீட்டர், மறு முனையில் 11.

அதன் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில் "டெக்னீஷியன் கூப்பிடுவார்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்து, "தேக்கு கெட்டியான மரம் சார், பிளைவுட் வெட்டிப் பாருங்கள்" என்று உபதேசம். நான் பிளைவுட் வெட்டவா 23,500 ரூபாய் கொடுத்தேன்? பிறகு, "பிளேடில் மரத்தூள் இருக்கிறது, பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். அந்தக் கிருஷ்ணகிரிக்காரரைக் கேட்டால், அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையாம். இதற்கிடையில் தளத்திலிருந்த 8 அங்குல வரியையும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

சிறிய ரம்பங்களை வைத்துக் கனமான மரத்தைப் பிளப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள்: மேசைக்கு மேல் வெட்டும் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் எத்தனை வாட் என்று கேளுங்கள். பிளப்பதற்கு அங்குலத்துக்கு மூன்று நான்கு பற்கள் உள்ள பிளேடு வேண்டும். மெஷினை நேரில் ஓட்டிப் பார்க்காமல் முழுப் பணம் தராதீர்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி 8 அங்குலம் என்று நம்பி ஏமாந்தவர்கள் பில்லுடன் எனக்கு எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.