இன்சுலின் கூலிங் பவுச்: கோடையில் ஊட்டி போகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஊட்டிக்குத்தானே போகிறோம், இன்சுலினுக்கு என்ன ஆகிவிடும் என்று பலரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஊட்டியில் ஒன்றும் ஆகாது, வழியில்தான் வம்பு. மே மாதம் மேட்டுப்பாளையத்தில் வெயில் 36, 37 டிகிரி. மலர்க் கண்காட்சி சமயத்தில் கல்லாறு பக்கம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பென்னுக்கோ (பேனா வடிவ ஊசிக் கருவி) பெரும்பாலும் 30 டிகிரிதான் எல்லை.

இந்த வழிக்கு ஃப்ரியோ (Frio) என்ற பிராண்டின் கூலிங் பவுச் அருமையான துணை. ஐஸும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். உள்பையில் இருக்கும் சிறு படிகங்கள் தண்ணீர் குடித்து ஜெல்லாக உப்பும். ஈரம் துணி வழியே ஆவியாகும்போது உள்ளே குளிரும். மண்பானைத் தத்துவம்தான். 37.8 டிகிரி வெப்பத்திலும் 45 மணி நேரம் 18 முதல் 26 டிகிரிக்குள் வைத்திருக்கும் என்கிறது நிறுவனம். ஆனால் காற்று உலர்வாக இருக்க வேண்டும். 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதலால் 24 டிகிரி வரை இறக்க முடியும். 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்பையைக் குளிர்ந்த தண்ணீரில் 5 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, துணியால் ஒற்றியெடுத்து, வெளிப்பையில் போட்டு, அதற்குள் பென்னை வையுங்கள். அதிகம் ஊறினால் உப்பிப்போய் பென் நுழையாது. பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்: ஈரம் படுமே என்று பவுச்சை பாலித்தீன் கவரில் சுற்றி, பெட்டிக்கு அடியில் திணித்துவிடுகிறார்கள். காற்று படாவிட்டால் ஆவியாகாது, குளிராது. கைப்பையின் மேல்பகுதியிலோ சீட்டுக்குப் பின்னாலிருக்கும் வலைப்பையிலோ வையுங்கள். ஜெல் சுருங்கினால் மறுபடி நனைக்கத் தண்ணீர் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

இதை ஃபிரிட்ஜ் என்று நம்பி மூன்று மாதச் சரக்கையும் அடைக்காதீர்கள். பிரிக்காத பென்னுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். இந்தப் பவுச்சால் அது ஆகாது. இதற்குள் போன பென்னை அன்றே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததாகக் கணக்கு வையுங்கள். கிளார்ஜின், அஸ்பார்ட் போன்ற இன்சுலின் வகைகளை அதிலிருந்து 28 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

குன்னூர் தாண்டினால் பவுச்சுக்கு வேலையே இல்லை, பென்னைச் சும்மா பையில் வைத்தாலே போதும். அங்கே பயப்பட வேண்டியது லாட்ஜ் அறையின் குட்டி ஃபிரிட்ஜுக்குத்தான். ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்து இளகியது பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஊசியை மாட்டியபடியே மலையேறினால் வெப்பமும் காற்றழுத்தமும் மாறி பென்னுக்குள் காற்றுக் குமிழ் சேரும், டோஸ் குறையும். ஊசியைக் கழற்றி வைத்து, போடும் நேரத்தில் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வெளியே விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒரு குறை உண்டு. மலையில் பனிமூட்டம் இருந்தால் பவுச் லேசில் காயாது; ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்து நாறும். அறைக்குள் கொடியில் தொங்கவிட்டு, ஊர் திரும்பியதும் படிகம் மறுபடி கல்லுப்புப் போல ஆகும்வரை காற்றாட விடுங்கள்.