ஈபேயின் பின்னூட்ட முறை: ஒரு அஞ்சல்தலை வியாபாரியின் மதிப்பீடு

பழைய அஞ்சல்தலை வாங்கி விற்கிற எங்களுக்கு ஈபே என்ற இணைய விற்பனைத் தளம் இன்றும் பெரிய சந்தை. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி வரிசையின் பத்து ரூபாய்த் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போலிகள் நிறைய உலவுகின்றன என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் திருச்சியில் என் மேசையில் இருக்கும் ஒரு தலைக்கு, என் முகத்தையே பார்த்திராத ஒருவர் லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ முழுப்பணத்தையும் முதலிலேயே அனுப்புகிறார். எதை நம்பி? படத்தை நம்பி அல்ல. படத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுத்துப் போடலாம். என் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பின்னூட்ட எண்ணையும், அதில் நல்லது எத்தனை என்ற சதவீதத்தையும் நம்பித்தான் அனுப்புகிறார். நான் இங்கே மதிப்பிடப்போவது அந்த எண்ணை மட்டும்தான். கட்டணம், ஆப் இதெல்லாம் வேறொரு நாள்.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடிதம் போட்டுப் பொருளை வரவழைத்துவிட்டு, வி.பி.பி. (பணம் கட்டினால்தான் கையில் கிடைக்கும்) பார்சலோடு தபால்காரர் வாசலில் நிற்கும்போது "வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்பவர்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். போக்குவரத்துச் செலவு முழுக்க அனுப்பியவர் தலையில். இன்னொரு பக்கம், புதிதாகப் பசை பூசிய தலையை "அசல் பசை, மின்ட்", அதாவது பயன்படுத்தாத புதுத் தலை, என்று சொல்லி விற்கும் ஆட்களையும் சேகரிப்பாளன் என்ற முறையில் தெரியும். ஏமாற்று இரண்டு பக்கமும் உண்டு. அதனால் ஒரு தளத்தின் ரேட்டிங் முறை நியாயமானதா என்று பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு பேரும் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல அது வழி செய்கிறதா?

ஈபேயை பியர் ஒமிட்யார் தொடங்கியது 1995 செப்டம்பரில். சில மாதங்களிலேயே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தகராறு வர ஆரம்பித்தது. எல்லாப் பஞ்சாயத்தையும் அவர் ஒருவரே தீர்க்க முடியாது என்பதால் 1996 பிப்ரவரியில் பின்னூட்டப் பகுதியைத் திறந்தார். நல்லது என்றால் கூட்டல் ஒன்று, கெட்டது என்றால் கழித்தல் ஒன்று, நடுநிலை என்றால் பூஜ்யம். பத்துப் புள்ளி சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். இவ்வளவு எளிமையான ஒரு கணக்கை வைத்து, கண்டம் விட்டுக் கண்டம் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கினார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அந்த எண்ணுக்குக் காசு மதிப்பும் உண்டு. ரெஸ்னிக், செக்ஹவுசர் என்ற ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2006ல் வெளியிட்ட ஒரு சோதனை, எங்கள் தொழிலுக்குப் பக்கத்து வீட்டுச் சரக்கை வைத்தே செய்யப்பட்டது: பழைய பட அஞ்சலட்டைகள். நல்ல பெயர் எடுத்த ஒரு விற்பனையாளர், ஒரே மாதிரியான அட்டைகளைத் தன் பழைய கணக்கிலும், புதிதாகத் திறந்த கணக்குகளிலும் விற்றார். ஆளும் அட்டையும் அதேதான். பழைய கணக்கில் வாங்கியவர்கள் 8.1 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். நூறு ரூபாய்ப் பொருளில் எட்டு ரூபாய் பெயருக்காக வருகிறது என்றால், அந்தப் பெயரில் ஒருவர் காரணமில்லாமல் கரி பூசுவது பையிலிருந்து பணத்தை எடுப்பதற்குச் சமம். ரேட்டிங்கில் நியாயம் கேட்பதை வீண் ரோஷம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, அந்த எண் உண்மையைச் சொன்னதா? தொடக்கக் காலத்தில் முழுதாகச் சொல்லவில்லை. அப்போது இருவரும் ஒருவருக்கொருவர் நல்லதோ கெட்டதோ எழுதலாம். எழுதியது உடனே மற்றவர் கண்ணில் படும். ரெஸ்னிக்கும் செக்ஹவுசரும் 1999ம் ஆண்டின் பரிவர்த்தனைகளை எடுத்துப் பார்த்தபோது, வாங்கியவர்கள் எழுதிய பின்னூட்டத்தில் 99.1 சதவீதம் நல்லதாகவே இருந்தது. நானும் பொதுவாக மனிதர்களை நம்புகிறவன்தான். ஆனால் முகம் தெரியாதவர்களுக்குள் நடக்கும் வியாபாரத்தில் 99.1 சதவீதம் பேருக்கு முழுத் திருப்தி என்றால், திருப்தி இல்லாதவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் மூடிக்கொண்டார்கள்? பழி வாங்குவார்கள் என்ற பயம். நீங்கள் பணம் கட்டியாயிற்று, உங்கள் கடமை முடிந்தது. நியாயப்படி விற்பவர் அப்போதே உங்களுக்கு நல்ல பின்னூட்டம் தரலாம். பலர் தரமாட்டார்கள், காத்திருப்பார்கள். நீங்கள் நல்லது போட்டால் அவரும் போடுவார். தலையின் பல் (ஓரத்தில் இருக்கும் துளை வெட்டு) ஒடிந்திருக்கிறது, பின்பக்கம் மெலிந்திருக்கிறது என்று உண்மையை எழுதினால், மறுநாள் உங்கள் கணக்கில் ஒரு சிவப்புக் குறி விழும். அப்புறம் 'பரஸ்பர நீக்கம்' என்று ஒரு வசதி இருந்தது. இருவரும் ஒப்புக்கொண்டால் இரண்டு கெட்ட பின்னூட்டங்களும் எண்ணிக்கையிலிருந்து எடுக்கப்படும். சமாதானத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, மிரட்டலுக்குக் கருவியானது. முதலில் பதிலுக்குக் கெட்டது போடுவது, பிறகு "நீங்க எடுத்தா நானும் எடுக்கிறேன்" என்று பேரம். புதிதாக வந்து ஐந்தாறு புள்ளி மட்டும் வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளர் அந்தப் பேரத்துக்குப் பணியாமல் என்ன செய்வார்? ஆயிரக்கணக்கில் புள்ளி வைத்திருக்கும் வியாபாரிக்கு ஒரு கழித்தல் பெரிதல்ல. புதியவருக்கோ அது ஊரார் முன்னால் தலைகுனிவு.

ஈபே இதை இரண்டு கட்டமாகச் சரிசெய்தது. 2007ல் விவர ரேட்டிங் வந்தது. பொருள் வர்ணனைப்படி இருந்ததா, விற்பவர் ஒழுங்காகப் பதில் சொன்னாரா, சீக்கிரம் அனுப்பினாரா, அனுப்பும் செலவு நியாயமா என்று நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். யார் எத்தனை போட்டார் என்பது விற்பவருக்குத் தெரியாது, சராசரி மட்டும் தெரியும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொருளையும் போக்குவரத்தையும் பிரித்துக் கேட்கிறது. அதோடு, பெயர் வெளியே தெரியாததால் வாங்கியவர் மனதில் பட்டதைத் தயங்காமல் போடலாம்.

அடுத்த வருடம், 2008ல், விற்பவர் வாங்கியவருக்குக் கெட்ட பின்னூட்டமோ நடுநிலைப் பின்னூட்டமோ போடுவதையே நிறுத்திவிட்டார்கள். நல்லது போடலாம், இல்லையென்றால் ஒன்றும் போடாமல் விடலாம், அவ்வளவுதான். அந்த வருடம் பிப்ரவரியில், கட்டண மாற்றத்தையும் இதையும் எதிர்த்து விற்பனையாளர்கள் ஒரு வாரம் புறக்கணிப்பு நடத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஈபே எடுத்த முடிவு சரி என்பேன், விற்கிறவனாக இருந்துகொண்டே சொல்கிறேன். பழி பயம் போனபிறகு வாங்கியவர்களின் திருப்தி கூடியது என்றும், விற்பவர்கள் கூட்டமாக வெளியேறிவிடவில்லை என்றும் கிளைன், லாம்பெர்ட்ஸ், ஸ்டால் மூவரும் 2016ல் எழுதினார்கள். கெட்ட வியாபாரிகள் ஓடிப்போனதால் வந்த முன்னேற்றம் அல்ல அது. இருந்தவர்களே ஒழுங்காக நடக்க ஆரம்பித்தார்கள். பல் ஒடிந்த தலையை 'பல் ஒடிந்தது' என்று எழுதி விற்கப் பழகினார்கள் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

ஆனால் வேலை பாதியில் நின்றுவிட்டது. இன்று ஒருவர் என்னிடம் வாங்க வரும்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் முந்நூறு என்று இருந்தால், அது எனக்குச் சொல்வது அவர் நிறைய வாங்கியிருக்கிறார் என்பதை மட்டும்தான். எத்தனை பேரிடம் பணம் கட்டாமல் இழுத்தார், எத்தனை முறை நல்ல தலையை வைத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்பி அனுப்பினார் என்பது அதில் வராது. முத்திரை குத்திய தலை என்றால் தப்பிக்கலாம். ஒரு முத்திரை விழுந்த இடத்திலேயே இன்னொன்று விழாது, படத்தை வைத்து இதுதான் நான் அனுப்பியது என்று காட்டிவிடலாம். முத்திரை விழாத மின்ட் தலையில் அந்த வசதி இல்லை. நான் பற்களையும் ஓரங்களையும் பெரிதாக்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

விற்பவருக்கு ஈபே வேறு கதவுகள் திறந்து வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் கட்டாமல் விட்டவர் போடும் பின்னூட்டம் நிற்காது. பிடிக்காத வாடிக்கையாளரைத் தடைப்பட்டியலில் போடலாம். பணம் கட்டாத வரலாறு உள்ளவர்கள் நம் பொருளை வாங்க முடியாதபடி அமைக்கலாம். கெட்ட பின்னூட்டத்துக்குக் கீழே பதில் எழுதலாம், குறையைச் சரிசெய்தபின் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் நான் ஒருவரைத் தடுத்தது பக்கத்துத் தெரு வியாபாரிக்குத் தெரியாது. என் அனுபவம் என்னோடு முடிகிறது. வாங்குபவரின் அனுபவம் மட்டும் ஊருக்கே தெரிகிறது.

இந்தப் பாதியாவது எவ்வளவு மேல் என்பது நம் ஊர்த் தளம் ஒன்றில் விற்றபோது புரிந்தது. பெயர் வேண்டாம். 2006 டிசம்பரில் நம் அஞ்சல் துறை சந்தன மணம் கொண்ட தலை ஒன்றை 15 ரூபாய் விலையில் வெளியிட்டது. இத்தனை வருடத்தில் மணம் குறைந்துபோவது இயல்பு, அதை விவரத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். ஒருவர் வாங்கினார். "சார், மோந்து பார்த்தேன், வாசனையே இல்ல" என்று செய்தி வந்தது. விவரத்தைச் சுட்டிக்காட்டி, வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம் என்று பதில் போட்டேன். திருப்பவில்லை. ஒரு ஸ்டார் விழுந்தது, கூடவே 'ஏமாற்று' என்று ஒரு சொல். தளத்திடம் முறையிட்டால் 'இது வாடிக்கையாளரின் சொந்தக் கருத்து' என்று பதில். என் தரப்பை அந்த ஸ்டாருக்குக் கீழே எழுத இடமில்லை. அஞ்சல்தலைத் தொழிலில் ஏமாற்று என்றால் போலி என்று அர்த்தம். வாழ்நாளில் ஒரு போலியை அசல் என்று விற்றதில்லை நான். அந்தச் சொல் இன்றும் அங்கே இருக்கிறது.

அதே தளத்தில் கூரியர் தாமதத்துக்கும் ஸ்டார் என் கணக்கில்தான் குறையும். அமேசானில் தங்கள் கிடங்கிலிருந்து தாங்களே அனுப்பிய பொருளுக்கு இப்படிப் புகார் வந்தால், அந்தக் கருத்தின் மேல் கோடு போட்டுவிட்டுப் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது நேர்மையான வழி. டெலிவரி நேரத்தில் பணம் என்று ஆர்டர் போட்டுவிட்டு வாசலில் மறுப்பவரைப் பற்றியோ, நான் பார்த்தவரை, மற்ற விற்பனையாளர்களுக்கு எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை. வி.பி.பி. காலத்திலாவது உள்ளூர்த் தபால்காரருக்கு இன்னார் திருப்பி அனுப்புகிற ஆள் என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் நல்ல மனதோடு செய்வது. "பொருள் அருமை, பேக்கிங் சூப்பர்" என்று எழுதிவிட்டு நான்கு ஸ்டார் போடுகிறார்கள். கட்டுரைக்கு முழு மதிப்பெண் போடாத தமிழாசிரியரிடம் படித்தவர்கள் நாம். நமக்கு நான்கு என்றால் நன்று. தளத்தின் கணக்கிலோ நான்கு என்பது சராசரியைக் கீழே இழுக்கும் குறை. வாங்குபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு ஸ்டாருக்கும் பக்கத்தில் அதன் பொருள் இன்னதென்று ஒரு வரி எழுதினால் போதும், செலவே இல்லை.

தீர்வு என்று பார்த்தால், தங்குவதற்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம் 2014ல் கொண்டுவந்த முறையை நான் ஆதரிக்கிறேன். தங்கியவரும் வீட்டுக்காரரும் தனித்தனியாக எழுதுகிறார்கள். இருவரும் எழுதி முடித்த பிறகோ, இல்லையென்றால் 14 நாள் கழிந்த பிறகோதான் இரண்டும் ஒன்றாக வெளியே வரும். மற்றவர் எழுதியதைப் பார்த்துப் பதிலுக்கு அடிக்க வழியில்லை. அதற்காக யார் வாயையும் கட்டவும் இல்லை. 2008ல் ஈபே விற்பவரின் வாயைக் கட்டியதற்குப் பதில் மூடிய உறை போன்ற இந்த முறையைக் கொண்டுவந்திருக்கலாம். எல்லோரும் எழுதமாட்டார்கள், எண்ணிக்கை குறையும் என்பது அதன் மீதுள்ள குறை. குறையட்டுமே. பயந்து எழுதிய நூறு நல்ல வார்த்தைகளைவிட, பயமின்றி எழுதிய நாற்பது எனக்குப் பயன்படும்.

நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் விமர்சனங்களுக்கு ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. போலி விமர்சனம், காசு கொடுத்து எழுதவைப்பது போன்றவற்றுக்கு அது தேவையான நடவடிக்கை. தன்விருப்பமாகப் பின்பற்றும் தரநிலையாகத்தான் வந்தது. அது பேசுவதும் வாடிக்கையாளர் எழுதும் விமர்சனத்தைப் பற்றி. வாங்குபவரின் நடத்தையைப் பற்றிச் சிறு வியாபாரி சொல்ல நினைப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதையும் அடுத்த முறை திருத்தும்போது சேர்க்க வேண்டும்.

மொத்தத்தில் ஈபே பின்னூட்ட முறைக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். வாங்குபவர் பாதுகாப்புக்கு நான்கரை, விற்பவர் நியாயத்துக்கு இரண்டரை, அதன் சராசரி. அங்கே அஞ்சல்தலையோ நாணயமோ வாங்கப் போகிறவர்கள் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டாம். அந்தச் சதவீதம் கடைசி 12 மாதத்துக் கணக்கு மட்டுமே. விற்பவரின் கெட்ட பின்னூட்டங்களைத் தனியாகத் திறந்து, குறை எதைப் பற்றியது என்று படியுங்கள். தபால் தாமதம் என்றால் விட்டுவிடலாம். 'பசை அசல் இல்லை', 'படத்தில் இருந்த தலை வேறு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் 99 சதவீதமாக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள். அந்தக் குறைக்கு விற்பவர் எழுதிய பதிலையும் படியுங்கள். பணத்தைத் திருப்பித் தந்தாரா, வாங்கியவரைத் திட்டினாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.