கொல்லையில் பஃப் பேனல் அறை போடுகிறவர்கள் கவனத்துக்கு: சரக்கை இறக்கும்போதே வெட்டிப் பாருங்கள்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவே 12-க்கு 20 அடி இடம் சும்மா கிடந்தது. பகலில் நான் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்க வேண்டும், அக்கா குடும்பம் வந்தால் தங்க வேண்டும், கூடவே ஒரு கழிவறை. செங்கல் கட்டடம் என்றால் நாலைந்து மாதம் இழுக்கும் என்பதால் பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரிதேன் நுரை அடைத்த பலகை) அறை போடலாம் என்று முடிவு செய்தோம்.

வந்த ஒப்பந்தக்காரர் நன்றாகப் பேசினார். "பஃப் போட்டா சித்திரை வெயில்லகூட உள்ளே குளுகுளுன்னு இருக்கும் சார்" என்றார். ஆனால் கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: '50 எம்எம் இன்சுலேட்டட் பேனல், தரமான இரும்புச் சட்டம்.' பஃப் என்ற சொல் தாளில் இல்லை. நான் கவனிக்கவில்லை. சதுர அடிக்கு 1,850 ரூபாய், மொத்தம் 4,44,000. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும் என்றார், பில் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டேன். அது என் தவறு. பாதிப் பணம் முன்பணமாக வங்கி வழியே போனது. சரக்கு இறங்கியதும் 40 சதவீதம் ரொக்கமாகக் கொடுத்தேன்.

மாசிக் கடைசியில் வேலை முடிந்தது. ஏசி மாட்ட வந்த தம்பி குழாய்க்காகச் சுவரில் ஓட்டை போட்டதும் வெள்ளை மணிகள் பொலபொலவென்று கொட்டின. மெஷினை நிறுத்திவிட்டு, "அண்ணே, இது பஃப் இல்லை, தெர்மாகோல்" என்றார். அம்மா கூட்டி அள்ளினார், ஒரு முறம் நிறைந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பஃப் நுரையில் மணி இருக்காது. இளமஞ்சளாக, பிரெட் துண்டு போல நெருக்கமாக இருக்கும். பேனலுக்கு வழக்கமாகச் சொல்லும் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ. அதன்படி தகட்டை உரித்துவிட்டு 10-க்கு 10 சென்டிமீட்டர் வெட்டினால், 50 எம்எம் தடிமனில் 20 கிராம் இருக்க வேண்டும். மிச்சமாகிக் கிடந்த துண்டை அப்படியே வெட்டித் தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்தேன். 7 கிராம். அதே அளவு வெப்பத்தைத் தடுக்கத் தெர்மாகோல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். பங்குனியிலேயே மதியம் உள்ளே உட்கார முடியவில்லை.

அதைவிடப் பயந்தது ஒயரிங்கைப் பார்த்துத்தான். ஒயருக்கான குழாயே இல்லாமல் தெர்மாகோலுக்குள் ஒயரைச் சொருகியிருக்கிறார்கள். பிவிசி ஒயர் தெர்மாகோலைத் தொட்டபடி இருந்தால் நாளடைவில் அதன் மேலுறை இறுகி விரிசல் விட்டுவிடும். தெர்மாகோலோ எளிதில் தீப்பற்றும். அக்காவின் குழந்தைகள் படுத்துத் தூங்க வேண்டிய அறை இது.

அப்புறம் இரும்புச் சட்டம். 50-க்கு 50 எம்எம் சதுரக் குழாய், 2 எம்எம் கனம் என்று சொன்னார். அந்தக் கனம் இருந்தால் 6 மீட்டர் நீளம் 18 கிலோ வரும். மீந்த குழாயை எடை போட்டதில் 11 கிலோதான், அதாவது 1.2 எம்எம். கழிவுநீர்க் குழாயும் அப்படித்தான். செப்டிக் டேங்க் வரை 35 அடி ஓடும் 4 அங்குலக் குழாய்க்கு, 40 அடிக்கு ஓரடி வாட்டம் என்ற கணக்கில் பத்து அங்குலமாவது இறக்கம் வேண்டும். அவர்கள் கொடுத்தது மூன்று. இரண்டாம் வாரமே அடைத்துக்கொண்டது.

ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு, "கொட்டேஷன்ல பஃப்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. 'ஷீட் அறைக்கு அனுமதி தேவையில்லை' என்று அவர் சொன்னதையும் நம்பியிருந்தேன். மாநகராட்சியில் விசாரித்தால், கழிவறையோடு ஆள் தங்குகிற அறை என்றால் வரைபட அனுமதி கேட்போம் என்றார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். பதில் வராததால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாததால் என் கையில் இருப்பவை வங்கிக் கணக்கு விவரமும், 'பஃப்தான் சார், நம்புங்க' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவும்தான். அந்தக் குரல் பதிவு இல்லாவிட்டால் எனக்கு வழக்கே இல்லை.

நீங்கள் போடப் போகிறீர்கள் என்றால் கொட்டேஷனில் பஃப், அடர்த்தி 40, தகடு எத்தனை எம்எம், குழாய் எத்தனை எம்எம் என்று எழுதி வாங்குங்கள். லாரியிலிருந்து இறங்கும் பேனலில் ஒன்றை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு மட்டும் அடுத்த தவணையைக் கொடுங்கள்.

அறையின் மின் இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறோம். அந்த 7 கிராம் துண்டு ஆணையத்தில் காட்டுவதற்காக ஒரு சம்படத்தில் இருக்கிறது.