டெஸ்டரில் இருந்தது வேறு, டப்பாவில் வந்தது வேறு

போன மாதம் என் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம், மும்பை சயானில் ஒரு ஹாலில். மூன்று நாள் முன்னால் நானும் மதினியும் ஜிடிபி நகரில் ரயில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கி, க்ராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் போனோம். வளையல், ஹேர்பின், தாம்பூலப் பை எல்லாம் அங்கே மொத்த விலைக்குக் கிடைக்கும். பட்டியலில் கடைசியாக நான் எழுதி வைத்திருந்தது ஒரு பவுடர் ஹைலைட்டர், கன்ன மேட்டில் மினுமினுப்புக்காகப் போடும் மேக்கப்.

எனக்கு எண்ணெய் வழியும் முகம். க்ரீம் ஹைலைட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினால் குர்லா வருவதற்குள் அது கழுத்துக்கு வந்துவிடும். அதனால் பவுடர்தான் சரிப்படும். பளபளவென்று வேண்டாம், நன்றாகத் தூங்கி எழுந்து முகம் கழுவியவள் மாதிரி கன்னத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் போனேன்.

சந்துக்குள் ஒரு குறுகலான கடை. பெயர் சொல்லப்போவதில்லை. கண்ணாடியைச் சுற்றி வட்டமாக விளக்கு. கடைப்பையன் ரொம்ப மரியாதையானவன். "மேடம், ஏக்தம் ஒரிஜினல்" என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் டெஸ்டரை, அதாவது தடவிப் பார்ப்பதற்கென்று கடையில் திறந்து வைத்திருக்கும் டப்பாவை எடுத்தான். என் புறங்கையில் முதலில் ஒரு சொட்டு க்ரீம் தடவினான். பிறகு விரலால் டெஸ்டரைத் தொட்டு அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தான். வெண்ணெய் மாதிரி படிந்தது. வெளிர் பொன் நிறம், என் மாநிறத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. டப்பாவில் எம்ஆர்பி 2,600. அவன் 1,100 சொன்னான், மதினி பேசிப் பேசி 850-க்குக் கொண்டுவந்தாள். அவ்வளவு இறங்கும்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

உள்ளேயிருந்து சீல் வைத்த புது டப்பா வந்தது. "பிரித்துக் காட்டுங்கள்" என்றாள் மதினி. சீல் உடைத்தால் வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்றான். பில் கேட்டதற்கு, இந்த விலைக்கு பில் கிடையாது என்றான். க்யூஆரை ஸ்கேன் செய்தால் கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பணம் போட்டேன்.

நிச்சயதார்த்தம் அன்று காலை டப்பாவைத் திறந்தேன். மேலே பூ வேலைப்பாடு, பொன் நிறம். பிரஷால் இரண்டு தடவை எடுக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை பூவின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். பொன் நிறம் மொத்தமும் மேலே தெளித்த ஒரு படலம். அடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று, அதில் நறநறவென்று ஜிகினா. வேறு எதுவும் கையில் இல்லை, நேரமும் இல்லை. அதையே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது என் தப்புதான்.

இதில் ஒரு விஷயம் புரிந்துகொண்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். ஹைலைட்டரின் மினுமினுப்பு பெரும்பாலும் மைக்காவிலிருந்து வருவது. ஊரில் பாறைச் சல்லியில் பொறுக்கி விளையாடுவோமே, அந்தக் காக்காப்பொன்தான். அதை மாவாக அரைத்து, டைட்டானியம் டையாக்சைடு, இரும்பு ஆக்சைடு எல்லாம் மெல்லிய பூச்சாக ஏற்றினால் முத்து நிறமும் பொன் நிறமும் வரும். துகள் பொடியாக இருந்தால் தனித்தனியாகக் கண்ணில் படாது, தோலே மினுங்குவது போல இருக்கும். பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றும் தனியாக ஜொலிக்கும். டெஸ்டரில் இருந்தது முதல் ரகம். எனக்கு வந்தது இரண்டாவது.

ஹாலில் வீடியோ விளக்கைப் போட்டதும் ஆச்சி என்னைக் கிட்டே கூப்பிட்டு, தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, கன்னத்துல என்னட்டி, காக்காப்பொன்ன அப்பிட்டு வந்திருக்க?" சம்பந்தி வீட்டார் முன்னால். போட்டோக்களில் இன்னும் மோசம். ஃபிளாஷ் பட்டு இரண்டு கன்னமும் வெள்ளையடித்த திண்ணை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. சாயங்காலமே அரிப்பு. மறுநாள் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. தோல் டாக்டரிடம் போனால், அதை இனித் தொடாதே, ஒரு வாரத்துக்கு முகத்தில் எதுவும் போடாதே என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குத் திரும்பப் போனேன். வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இது எங்கள் சரக்கே இல்லை என்றார். டெஸ்டர் அதே இடத்தில் இருந்தது. எடுத்துத் திருப்பினேன். அடியில் பேட்ச் எண் அச்சாகியிருந்தது. என் டப்பாவின் அடி மொழுமொழு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கப் போனபோது அவர் டெஸ்டரைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டுவிட்டார். அதற்குமேல் அங்கே பேச என்ன இருக்கிறது? அதே சந்தில் நாங்கள் வளையல் வாங்கிய கடைக்காரர் கேட்காமலே பில் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியை நிதானமாகப் படித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியது. வெளிநாட்டு அழகுசாதனம் எதுவானாலும் இங்கே விற்க மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், சான்றிதழ் வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். இந்தியாவில் செய்தது என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானப் பட்டியல் எல்லாம் வேண்டும். என் பெட்டியில் இருந்தது எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒன்றுதான். நிறமியில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. யார் செய்தார்கள் என்றே தெரியாத பவுடரில் அதை யார் அளந்திருக்கப் போகிறார்கள்?

பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன். பில் இல்லாததால் யுபிஐ ரசீது, டப்பாவின் படங்கள், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். புகார் பதிவாகியிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

ஹைலைட்டர் வாங்கப் போனால் கையில் முதலில் க்ரீம் தடவ விடாதீர்கள். க்ரீமுக்கு மேல் விரலால் தேய்த்தால் எந்தக் குப்பையும் வெண்ணெய் மாதிரிதான் படியும். வெறும் தோலில், பிரஷால் போடச் சொல்லுங்கள். பிறகு அந்த வட்ட விளக்கை விட்டு வெளியே வந்து வெயிலில் கையைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். நிறத்தில், நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெள்ளி மாதிரி இருப்பது சாம்பல் பூசியது போல ஆகிவிடும். பொன், பீச், செம்பு கலந்தவைதான் தோலோடு சேரும். வாங்கி வந்ததும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் டாக்டர் செலவு மிச்சம்.

போடும்போது சின்ன, அடர்த்தியில்லாத பிரஷ் போதும். தொட்டு, தட்டி உதறிவிட்டு, கன்ன மேட்டின் உச்சியில் காதுப் பக்கமாக ஒரு இழுப்பு. மிச்சம் இருப்பதை மூக்குத் தண்டில் லேசாக. பரு, பருத்தழும்பு இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம், அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மும்பை வியர்வையில் நெற்றிக்குத் தனியாக ஹைலைட்டர் தேவையே இல்லை, அது தானாகவே மினுங்கும்.

ஆல்பம் போடுகிறவர் என் கன்னத்தைச் சரிசெய்து தர ஒரு படத்துக்கு 50 ரூபாய் கேட்கிறார். எட்டுப் படம். ஆச்சிதான் வேண்டாம் என்கிறாள். "கெடக்கட்டும்ட்டி, கூட்டத்துல ஒன்னத் தேட வேண்டாம்லா."