சிற்றலை கேட்க: கையடக்க ரேடியோவா, மேசை ரிசீவரா?

விலையை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை, கையடக்க ரேடியோதான். டெக்சன் பிஎல்-330 போன்ற சின்னப் பெட்டியிலேயே எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை என்ற ஒலிபரப்பு முறையைப் பிடிக்கும்) வசதி வந்துவிட்டது. அதனால் பொழுதுபோக்காகத் தங்களுக்குள் வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் பேச்சையும் கேட்கலாம்.

பலரும் கணக்கில் எடுக்காதது இரைச்சல். எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் சிற்றலையில் கரகரவென்று புகுந்துவிடும். சின்ன ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டைவிட்டுத் தள்ளித் தூக்கிக்கொண்டு போகலாம். மேசை ரிசீவர் இருந்த இடத்திலேயே மல்லுக்கட்ட வேண்டும்.

மேசை ரிசீவரின் பலம் தெரிவது வெளி ஆன்டெனா போட்ட பிறகுதான். ஐகாம் ஐசி-ஆர்75 என்ற மேசை மாடலுக்கு உள் ஆன்டெனாவே கிடையாது. கம்பி இழுத்தே ஆக வேண்டும். அதே 20 மீட்டர் கம்பியைச் சின்ன ரேடியோவில் மாட்டிப் பாருங்கள்: பலமான நிலையம் ஒன்று சம்பந்தமில்லாத நாலைந்து இடங்களில் முளைத்து, மெல்லிய நிலையங்களை அமுக்கிவிடும். நல்ல மேசை ரிசீவர் இதற்கெல்லாம் அசையாது. 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு நிலையம் அலறினாலும், பக்கத்து அலைகளைத் தடுக்கும் குறுகிய ஃபில்டரைப் போட்டு வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கலாம்.

சரி, வாங்கலாம் என்றால் ஐசி-ஆர்75 உட்பட பேர்பெற்ற மேசை மாடல்கள் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை. பழையதில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், வெளியே கம்பி கட்ட இடமில்லாதவருக்கு மேசை ரிசீவர் வீண் செலவு. இடமிருந்தாலும், முதலில் கையடக்கத்தை வாங்குங்கள். மேசை ரிசீவர் வந்த பிறகும் பயணத்துக்கு அது உதவும்.