ஸ்டென்ட் வைக்க அவசரப்படாத இதயப் பிரிவு

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். நாலும் கேத் லேப் (ஆஞ்சியோ எடுக்கும் அறை) டாக்டருக்கும் வார்டு சிஸ்டர்களுக்கும்.

அக்காவுக்கு வயது 46. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. நெஞ்சுவலி என்று டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கிளினிக்குக்குப் போனால், ஈசிஜிகூட எடுக்காமல் டென்ஷன், கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை. இந்த மருத்துவமனைக்கு வந்ததும் முதல் வேலையாக ஈசிஜி, ட்ரோப்போனின் (இதயத் தசை பாதித்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை). ட்ரோப்போனின் ஏறியிருந்தது. மறுநாள் காலையே மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது.

டாக்டர் அத்தானையும் என்னையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். நல்ல பருமனாக வந்த ரத்தக்குழாய் ஓரிடத்தில் சட்டென்று மெலிந்து, நுனிவரை அப்படியே ஓடியது. குழாய் சுருங்கிக்கொண்டதோ என்று நைட்ரோகிளிசரின் செலுத்திப் பார்த்தும் விரியவில்லையாம். கொழுப்பு அடைப்பும் இல்லை. ரவிக்கையின் லைனிங் பிரிவதுபோல குழாய்ச் சுவர் தானாகவே உள்ளுக்குள் பிரிந்து, இடையில் ரத்தம் தேங்கிக் குழாயை நசுக்கியிருக்கிறது. ‘ஸ்கேட்’ (SCAD) என்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பிரசவமான சில வாரங்களிலும் வரலாம். பிள்ளை பெற்ற வீட்டில் நெஞ்சுவலி என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

குழாயை விரித்துப்பிடிக்கும் ஸ்டென்ட் வைக்கவில்லையா என்று அத்தான் பதறிப்போய்க் கேட்டார். ரத்த ஓட்டம் இருக்கிறது, வலியும் நின்றுவிட்டது. இப்போது உள்ளே கைவைத்தால் கிழிசல் நீளலாம், விட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறிவிடும் என்றார் டாக்டர். ஓட்டம் தடைப்பட்டால் அப்போது வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. முதல் வாரத்தில் கிழிசல் நீளும் ஆபத்து உண்டாம், அதனால் வார்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரின், இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், அவ்வளவுதான்.

அப்புறம் கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களுக்கும் சிடி ஸ்கேன். இந்த நோய் வந்த பலருக்கு அங்கேயும் குழாய்ச் சுவரில் கோளாறு இருக்குமாம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஸ்கேனுக்கு அனுமதி தராமல் இழுத்தடித்தது. வார்டு சிஸ்டர்தான் போன் மேல் போன் போட்டு வாங்கிக்கொடுத்தார்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்புக்காக. எல்லாருமே பைபாஸ் முடித்த பெரியவர்கள்; சொல்லிக்கொடுப்பதும் கொழுப்பு, சிகரெட் பற்றித்தான். எவ்வளவு கனம் தூக்கலாம், பழையபடி வேலைக்கு எப்போது போகலாம் என்ற அக்காவின் கேள்விகளுக்கு அங்கே பதில் இல்லை.

போகிறவர்கள் ஆஞ்சியோ படத்தைக் குறுந்தகட்டில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் தருகிறார்கள். மறுபடி வலி வந்து வேறு மருத்துவமனைக்கு ஓடவேண்டியிருந்தால், அங்குள்ள டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.